எங்க நிக்கியோ?

செப்டம்பர் 30, செவ்வாய்

கிண்டியில் அலுவலகத்துக்கு வெளியே வண்டியை எடுத்தபோது மாலை 5.30. இதை எழுதும்போது விடிகாலை 3.40. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில், லாரிகளுக்கு நடுவே வண்டியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணி நேரத்தில் 200 கிலோமீட்டர். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மணிக்கு 20. மனசு வைத்து மிதிக்கும் சைக்கிள்காரர் ஒருவர் என்னை எப்போதோ முந்தியிருப்பார்.

விஷயம் இதுதான். நாளை புதன் ஆயுத பூஜை. வியாழன் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில். வெள்ளிக்கு ஒரு லீவு போட்டால் ஐந்து நாள். சென்னையில் பாதிப் பேர் இதே கணக்கைப் போட்டுவிட்டு இதே சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள்.

எனக்குப் போகவேண்டியது தக்கலை. மனைவி அங்கே அவள் அம்மாவோடு இருக்கிறாள். களியக்காவிளைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு ஐந்து நாளெல்லாம் கிடையாது. புதனும் வியாழனும் ஓய்வு, வெள்ளி காலை எட்டு மணிக்கு டியூட்டி. நான் புதன் காலை பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்தால் 45 மணி நேரம் சேர்ந்து இருக்கலாம், தூக்கத்தையும் சேர்த்து.

ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனந்தபுரியும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் 60 நாள் முன்னால் முன்பதிவு திறந்த அன்றே நிரம்பிவிட்டன. நான் விழித்துக்கொண்டது 52ஆம் நாள். ஆம்னி பஸ்ஸில் வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். அப்புறம்தான் இந்தப் பழைய காரை நம்பினேன்.

தாம்பரம் வரைக்கும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெருங்களத்தூரில் இருந்து நின்று நின்றுதான். தென்மாவட்ட பஸ்கள் எல்லாம் கிளாம்பாக்கத்துக்குப் போனபிறகு, அந்த முனையத்துக்கு ஆட்களை இறக்கிவிட வரும் ஆட்டோக்களும் கார்களும் வேறு. என் இடப்பக்கம் ஒரு வேன். ஜன்னலோரம் ஒரு பாட்டி மடியில் மல்லிகையைக் கொட்டி வைத்துக்கொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று விட்டுப் போகவே இல்லை. ஊரப்பாக்கத்தில் பார்த்தபோது அரை முழம். கூடுவாஞ்சேரியில் இரண்டு முழம். சிங்கப்பெருமாள் கோயிலில் மடியில் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது. என் வண்டியின் கிலோமீட்டர் காட்டியைவிட அது ஒழுங்காக முன்னேறியது. செங்கல்பட்டுக்கு முன்னால் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது ஒரு முழத்தைக் கிள்ளி ஜன்னல் வழியாக நீட்டினார். "நாளைக்கு ஆயுத பூஜை, வண்டிக்குப் போடுப்பா." கண்ணாடியில் மாட்டியிருக்கிறேன். வண்டிக்குள் மணம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். நின்று நின்று வந்தபோது எஞ்சின் சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே போனது. ஏசியை அணைத்தேன், இறங்கியது. சுங்கச்சாவடி தாண்டி வேகம் பிடித்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சரி, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு ஒரு முறை, பத்தரைக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை போன் வந்தது. மூன்று தடவையும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க நிக்கியோ?" குமரி மாவட்டத்தில் 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்பதற்கு அதுதான் வழக்கு. கல்யாணமான புதிதில் இந்தப் பேச்சு எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் எங்கேயோ கால் கடுக்க நின்றுகொண்டிருப்பது மாதிரி கேட்கிறாளே என்று. இன்றைக்கு அது அட்சர சுத்தமாகப் பொருந்தியது. நின்றுகொண்டுதான் இருந்தேன். கடைசியில் எப்போதும் சொல்வதையும் சொன்னாள்: "பைய வாங்க."

பைய என்றால் மெதுவாக. அதில் மட்டும் இன்று எந்தக் குறையும் வைக்கவில்லை.

விழுப்புரத்தை இரண்டரைக்குத் தாண்டினேன். என் சொந்த ஊர். புறவழிச்சாலையில் இருந்து இறங்கினால் பத்து நிமிடத்தில் அம்மா வீடு. இறங்கவில்லை. அம்மா, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. அந்த நேரத்தில் உன்னை எழுப்ப மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்.

இரண்டு மணி நேரம் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 1, புதன்

உளுந்தூர்ப்பேட்டையில் இருந்து கயத்தாறு வரைக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. திருச்சியில் இட்லி. மதுரையில் காபி. வழியெல்லாம் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காய்களை வளைந்து வளைந்து தாண்டுவது தனி வித்தை. குங்குமம் கலந்து ஈரமாகக் கிடந்த ஒன்றின் மேல் ஏறி, எனக்கு முன்னால் பைக்கில் போனவர் வழுக்கப் பார்த்தார். திருஷ்டி கழிக்கிறவர்கள் அதை ஓரமாகக் கழிக்கக் கூடாதா?

பதினொரு மணி கெடு மதுரையிலேயே முடிந்துவிட்டது. மூன்றரைக்கு காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்தேன். அத்தைக்கு தோவாளைப் பூ வாங்கி வரச் சொல்லியிருந்தாள் மனைவி, அதனால் பழைய ரோட்டில் இறங்கினேன். தவறு. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் உள்ள கணவாய் அது. அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தல் சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காரின் கதவைத் திறந்தால் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. அந்தக் காற்றுக்கு நடுவே வண்டிகள் வரிசையாக நின்றன, நானும் நின்றேன், முள் மறுபடி மேலே போக ஆரம்பித்தது. இந்த முறை ஏசியை அணைத்தும் இறங்கவில்லை. சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற விசிறி சுற்றவே இல்லை. நேற்று ராத்திரியே அது செத்திருக்க வேண்டும். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாக ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், விசிறி இல்லாதது தெரியாது. ஊர்ந்து போகும்போதுதான் விசிறி வேண்டும். என்னைச் சுற்றிலும் ஆளுயரத்தைப் போல் பல மடங்கு நீளமான இறக்கைகளோடு நூற்றுக்கணக்கில் விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. என் ஒரு சாண் விசிறி சுற்றவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு மெக்கானிக் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஊதுபத்திப் புகை. ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி எல்லாம் ஒரு வாழை இலையில் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துப் படுத்திருந்தன. பக்கத்தில் பொரி, கடலை, ஒரு சீப்பு மட்டிப் பழம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு இலையைக் காட்டினார்.

"பூசையில இருக்கு. நாளைக்குத்தான் எடுப்போம்."

"அண்ணாச்சி, தக்கலை வரைக்கும் போகணும்."

"போகணும்னா போகத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டுப் பின்னால் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் காய்கறி வெட்டுகிற கத்தி, ஒரு துண்டு வயர். ரேடியேட்டர் மூடியில் நான் கை வைக்கப் போனபோது மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "வெந்து போவும். அரை மணிக்கூர் இரிங்க." அரை மணி நேரம் அவர் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றேன். பிறகு அவர் வயரின் இரண்டு முனையையும் கத்தியால் கீறி, மேல்தோலைப் பல்லால் இழுத்துத் துப்பினார். விசிறி நல்லாத்தான் இருக்கிறது, ரிலேதான் போய்விட்டது என்றார். பேட்டரியில் இருந்து நேராக விசிறிக்கு இணைத்ததும் அது உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. "டைரக்ட் குடுத்திருக்கேன். வீட்டுல போய் வண்டிய நிறுத்துனதும் இந்த வயரக் கழத்திப் போடணும். இல்லன்னா விடியுமுன்ன பேட்டரி காலி." அப்புறம் தண்ணீர் ஊற்றி மூடினார்.

பணம் எடுத்தேன். கையை நீட்டவில்லை. பூஜை வைத்த நாளில் வேலைக்குக் காசு வாங்கக் கூடாதாம். பெரிய மனசு என்று நினைத்து நான் கும்பிடப் போகும்போது, சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டினார். "நாளைக்குப் பூசை பிரிச்ச பெறகு ஜீபே பண்ணிருங்க. முந்நூறு."

கிளம்பும்போது மணி ஐந்தே முக்கால். தோவாளைச் சந்தை எப்போதோ முடிந்துவிட்டது. புவிசார் குறியீடு வாங்கிய மாணிக்கமாலை கட்டுகிற ஊரில் எனக்குக் கிடைத்தது தரையில் மிதிபட்ட கேந்திப் பூ இதழ்கள் மட்டும்.

நாகர்கோவிலை ஆறு நாற்பதுக்குத் தொட்டேன். அங்கிருந்து தக்கலை 16 கிலோமீட்டர். எழுநூறு கிலோமீட்டர் வந்தவனுக்கு இது வாசல்படி. அந்த வாசல்படியைத் தாண்ட இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

சென்னைக்காரர்களுக்கு இந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீநகரில் இருந்து வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலை அகலமாகக் கன்னியாகுமரி வரை போய் முடிந்துவிடும். நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்களுக்குப் பழைய இரு வழிச் சாலைதான். இரண்டு பக்கமும் வீடு, கடை, பள்ளி, தேவாலயம், கோயில், நூறடிக்கு ஒரு சந்திப்பு. குமரி மாவட்டத்தில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் என்று ஒன்று கிடையாது. நான்கு வழிச் சாலை வருகிறது என்று எனக்குக் கல்யாணம் ஆன நாளில் இருந்து சொல்கிறார்கள். குளங்களும் வயலுமாக இருக்கிற இடத்தில் ரோட்டை உயர்த்த மண் வேண்டும், மண் கிடைக்கவில்லை என்பார்கள். பார்வதிபுரத்தில் ஒரு மேம்பாலம், மார்த்தாண்டத்தில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கு ஓர் இரும்பு மேம்பாலம், அவை மட்டும் 2018இல் வந்துவிட்டன. பாலத்தில் பறந்து போய் இறங்கும் இடத்தில் நிற்கலாம்.

இதற்கு இங்கே 'பிளாக்' என்றுதான் பெயர். சுங்கான்கடையில் பிளாக். வில்லுக்குறியில் பிளாக். திற்பரப்புக்குப் போய்விட்டுத் திரும்பும் சுற்றுலா வேன்கள், கேரளப் பதிவு எண் கார்கள், கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்கு எதிரே நாற்பது நிமிடம் நின்றேன். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தளபதி டி லனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. பிடிபட்டவர் அந்த அரசரின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, மனைவி மகனோடு இங்கேயே அடக்கமாகிவிட்டார். நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. இந்த ரோட்டைப் பார்த்திருந்தால் நானும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன்.

"எங்க நிக்கியோ?"

"கோட்டை முன்னாடி."

"அவ்வளவுதானே, நடந்தே வந்திரலாம். வண்டிய அங்க போட்டுட்டு வாங்க."

வயர் ஞாபகம் வந்தது. போடவில்லை.

9.20க்கு வாசலில் நின்றிருந்தாள். கிண்டியில் இருந்து 27 மணி 50 நிமிடம், 712 கிலோமீட்டர். பூ எங்கே என்று கேட்டாள். கண்ணாடியில் மாட்டியிருந்த செங்கல்பட்டு மல்லிகையை எடுத்துக் கொடுத்தேன். பழுப்பாகிச் சுருண்டு, ரேடியேட்டர் ஆவி வாசனையோடு இருந்தது. மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். வைத்துக்கொண்டாள்.

வயரைக் கழற்றிவிட்டேன். மீதி 34 மணி 40 நிமிடம்.

அக்டோபர் 2, வியாழன்

பதினொரு மணி வரை தூங்கிவிட்டேன். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

எழுந்தபோது வீடு முழுக்கத் தேங்காய் வறுக்கும் வாசனை. அத்தை உள்ளித் தீயல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் விழுப்புரத்தில் தேங்காயைப் பொன்னிறத்தில் இறக்கிவிடுவோம். இங்கே அது பொன்னிறம் தாண்டி, சிவந்து, கருகுமோ என்று நாம் பதறுகிற இடம் வரைக்கும் போக வேண்டும். அத்தை இரும்புச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னோடு பேசினார், என் அம்மாவை விசாரித்தார், மழை இல்லை என்று குறைப்பட்டார், கரண்டி மட்டும் நிற்கவே இல்லை. ஒரு நொடியில் அடுப்பை அணைத்துவிட்டு அதற்கப்புறமும் கிளறினார். "சட்டிச் சூட்டுல கரிஞ்சிரும் மாப்ள." அம்மியில் அரைத்தபோது தேங்காயில் இருந்து எண்ணெய் பிரிந்து வழுவழுவென்று கறுப்பாக வந்தது. புளியில் வெந்த சின்ன உள்ளியோடு அதைக் கலந்து கொதிக்க விட்டார். நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

காந்தி மண்டபத்துக்குப் போகலாமா என்று மனைவி காலையிலேயே கேட்க நினைத்தாளாம். 1948இல் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன் வைத்திருந்த இடத்தில் கட்டிய மண்டபம் அது. அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் சரியாக அந்த இடத்தில் விழுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். கன்னியாகுமரியில் கொட்டாரம் வரைக்கும் வண்டி நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் குறட்டைக்கு அது ஒரு சமாதானம்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் பத்மநாபபுரம் மட்டும் போனோம். அரண்மனை மூடியிருந்தது. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. கோட்டைச் சுவர் ஓரமாக நடந்தோம். அரண்மனையைச் சேர்ந்த சரஸ்வதி, கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு விஜயதசமி, ஆனால் அம்மன் வீட்டில் இல்லை. திருவிதாங்கூர் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரம் போனபிறகு நவராத்திரிக் கொலுவும் அங்கே போய்விட்டதால், ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி யானை மேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூட வர, மூன்று நாள் பயணமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். ராத்திரி குழித்துறையில் ஒன்று, நெய்யாற்றின்கரையில் ஒன்று தங்கல். வருவதும் அப்படியே.

"வேளிமலையிலதான் முருகன் வள்ளியக் கெட்டுனது" என்றாள். "வள்ளிய இங்கயே விட்டுட்டு ரெண்டு வாரத்துக்கு மேல அங்க போய் இருக்காரு."

அவர் வேலை விஷயமாகத்தானே போகிறார் என்றேன். பதில் வரவில்லை. திரும்பும் வழியில் மெக்கானிக்குக்கு ஜீபே செய்தேன். நன்றி என்று வந்தது, கூடவே ஒரு கும்பிடுகிற கை.

அக்டோபர் 3, வெள்ளி

ஏழு மணிக்கே டியூட்டிக்குப் போய்விட்டாள். காருக்குப் புது ரிலே மாற்றினேன். சாயங்காலம் வந்தவள் கால் இரண்டும் வீங்கியிருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன்.

அக்டோபர் 4, சனி

மரச்சீனிக் கிழங்கு உரிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கிலோ உரிக்க முக்கால் மணி நேரம். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று ராத்திரி கிளம்புவதாகத்தான் திட்டம். ஆனால் செவ்வாய்க்கிழமை சென்னையை விட்டு வந்த அத்தனை பேரும் இன்று ராத்திரி அதே ரோட்டில் திரும்புவார்கள். திங்களுக்கும் லீவு சொல்லிவிட்டேன். மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. அவரே இன்னும் சிவகங்கையில்தான் இருக்கிறார்.

ஆறு மணிக்கு அவளைக் கூட்டிவர ஸ்கூட்டரில் போனேன். பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றாள், கேட்கவில்லை. மார்த்தாண்டம் பாலத்தின் மேலே போய், குழித்துறையில் தாமிரபரணியைத் தாண்டி (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு) மருத்துவமனை வாசலில் நின்றேன். சீருடை மாற்றிக்கொண்டு, கையில் காலி டிபன் கேரியரோடு வந்தாள்.

படந்தாலுமூடு வருவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. பஸ், லாரி, கார், மீன் ஏற்றிய மினி வண்டி. நான் ஓரமாக நுழைந்து முன்னால் போகப் பார்த்தேன். தோளில் தட்டினாள்.

"சாமி போவுது."

அப்போதுதான் மேளம் கேட்டது. திருவனந்தபுரத்தில் நல்லிருப்பு என்கிற ஒரு நாள் ஓய்வு முடிந்து நேற்றுக் கிளம்பியவர்கள், இன்று களியக்காவிளையில் எல்லை தாண்டிக் குழித்துறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வண்டிகளின் தலைகளுக்கு மேலே, தூரத்தில், ஒரு பட்டுக் குடை அசைந்து அசைந்து போனது. அதற்குக் கீழே யானையின் முதுகு. இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு, தட்டில் பழம், பூ. ஒவ்வொரு வாசலுக்கும் யானை நின்றது. யானை நின்றால் பல்லக்கு நிற்கும், பல்லக்கு நின்றால் போலீஸ் ஜீப் நிற்கும், ஜீப் நின்றால் களியக்காவிளை வரைக்கும் நிற்கும்.

ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். பஸ் கண்டக்டர் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு ரோட்டில் நின்றார். மீன் வண்டிக்காரர் மட்டும் அடிக்கொரு தரம் போய் ஐஸ் உருகுகிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தார். நானும் எஞ்சினை அணைத்து, காலால் தள்ளித் தள்ளிப் போனேன். பத்தடி. நிற்பது. பத்தடி.

"முருகனுக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் போய்ச் சேந்திருவாரு." முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு. டிபன் கேரியர் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது, நகர்த்தச் சொல்லவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

குழித்துறைப் பாலம் கண்ணில் படுகிற தூரம் வந்தபோது அவள் போன் அடித்தது. அத்தை. தீயல் சூடு பண்ணி வைத்திருக்கிறாராம். நேரம் என்ன ஆகிறது, எங்க நிக்கியோ என்று கேட்டது எனக்கே கேட்டது.

"பிளாக்குல நிக்கோம்மா" என்றாள். "பைய வருவோம். நீ சாப்பிட்டுப் படு."